ஒய்பிக்குக் கட்டிய காப்பு

பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு நானும்தான் கைதட்டினேன்.

வேலை முடிந்து ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்த என்னை அலுவலக நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். சமுதாய விழிப்புணர்வுக் கூட்டம், முடிவில் சாப்பிட மீகூன் உண்டு என்றார். மேடையில் எங்கள் கிள்ளான் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர் நின்றிருந்தார். எங்கள் ஊரில் அவரை யாரும் பெயர் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைகள் முதல் எல்லாருக்கும் அவர் ‘ஒய்பி’தான், மலாயில் ‘மாண்புமிகு’ என்பதன் சுருக்கம். நன்றாகப் பேசுவார்.

“உலகம் எங்கயோ போயிட்டு இருக்கு. நாம இன்னும் நடுரோட்டுல சாமியாடிட்டு இருக்கோம். தீச்சட்டி தூக்கி என்ன கண்டோம்? மத்தவங்க நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்க. பிள்ளைங்களப் படிக்க வைங்க!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் தட்டியதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஆரம்பப் பள்ளியைப் பாதியில் விட்டு லோரியில் ஏறியவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு அருள் வரும். வருடா வருடம் அம்மன் திருவிழாவில் உடுக்கைச் சத்தம் கேட்டதும் அவர் உடம்பு நடுங்கும், கூந்தல் அவிழும், ரோட்டோரத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் திருநீறு பூசி ஏதேதோ சொல்வார். இடைநிலைப் பள்ளியில் படித்தபோது என் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வகுப்பில் அதேபோல ஆடிக் காட்டினான். எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். மண்டபத்தில் நான் தட்டியது அந்தத் திங்கட்கிழமைக்காக என்று நினைக்கிறேன்.

எங்கள் கோயில் பெரிய கோயில் இல்லை. அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால், பெரிய கால்வாயை ஒட்டி, முன்பு தோட்டம் இருந்த இடத்தில் தகரக் கூரை போட்டு நிற்கிறது. நிலம் கோயில் பெயரில் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் நிலப்பட்டா வரும் என்பார்கள். தேர்தல் மட்டும் வரும்.

இந்த வருடத் திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கோயில் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பள்ளிவேன் ஓட்டுபவர், கெட்டவர் இல்லை. கோயிலை இடித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே தலைமுடி நரைத்தவர். அம்மா கடைக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் தலைவர் வந்திருப்பார்.

“தம்பி, இந்த வருஷம் ஒய்பி வராரு. அவரே வந்து ஊர்வலத்தத் தொடங்கி வைக்கிறாரு. பட்டா விஷயம் பேசலாம்னு சொல்லியிருக்காரு.”

“நல்லதுதானே அங்கிள்.”

“நல்லதுதான். ஆனா அவரு பேசினதுலாம் நீயும் கேட்டிருப்ப. அதனால கமிட்டில முடிவு பண்ணிட்டோம். இந்த வருஷம் பால்குடம் மட்டும்தான். தீச்சட்டி வேணாம். அருளும் வேணாம்.”

“அருள் வேணாம்னு எப்படி அங்கிள் சொல்றது?”

“அதான் தம்பி. நீ படிச்ச பையன். அம்மாகிட்ட நீதான் சொல்லணும்.”

அம்மா இந்த வருடம் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் காலுக்காக. போன வருடம் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது சங்கிலி அறுந்து அப்பாவின் கால் நசுங்கியது. காலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அம்மா என் கையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, “தாயே, இவரு எழுந்து நடந்துட்டாருன்னா நான் உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்” என்றார். காலை எடுக்கவில்லை. அப்பா இப்போது கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். நடக்கிறார், அதுதான் விஷயம். அறுவைச் சிகிச்சை செய்தவர் கெட்டிக்காரர் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அந்த டாக்டருக்கு முறுக்கு சுட்டுக்கொண்டு போய்க் கொடுத்தார். இரண்டையும் அவரால் ஒன்றாக வைத்துக்கொள்ள முடிந்தது. எனக்குத்தான் முடியவில்லை.

தலைவர் சொன்னதை அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். ஒய்பியின் பேச்சில் இருந்த நியாயத்தையும் சேர்த்துச் சொன்னேன். கோயில் நிலைக்க வேண்டுமென்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“பால்குடம் எடுக்கலாமா?”

“எடுக்கலாம்மா. அதுக்கு ஒண்ணும் இல்ல.”

“சரி” என்றார். அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

வரவேற்பறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான் குரல் கொடுத்தார். “ஏண்டா, வேண்டுனது நெருப்பு. பாலக் குடுத்தா அவ வாங்கிப்பாளா? என் காலு பாதியில நின்னுடப் போவுது.”

“சும்மா இருங்க” என்றார் அம்மா.

சண்டை போட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவர் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து விரதம் தொடங்கினார். பாயில் படுத்தார். வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார். ஆனால் குளிக்கப் போகும்போது முணுமுணுக்கும் பாட்டு நின்றுவிட்டது. ஒருநாள் சமையலறையில் புது மண்சட்டி ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். பாசாரில் மலிவாகக் கிடைத்தது என்றார். நானும் மேலே கேட்கவில்லை. வாங்கிய கடனைத் தீர்க்காத முகம் எப்படி இருக்கும் என்று அந்த வாரங்களில் தெரிந்துகொண்டேன். வேறு யாரும் அவரைத் தடுக்கவில்லை, நான்தான் தடுத்தேன் என்பது போலவும் இருந்தது.

காப்பைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மஞ்சள் துண்டு முடிந்த கயிறு அது. நேர்த்தி செலுத்துகிறவர்களின் மணிக்கட்டில் பூசாரி கட்டுவார். கட்டிவிட்டால் அம்மனுக்கு உட்பட்ட ஆள் என்று அர்த்தம். காப்பு அவிழும்வரை கவிச்சி தொடக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, எல்லை தாண்டக் கூடாது. எங்கள் கோயிலுக்கு எல்லை, பெரிய ரோட்டுக்குப் போகிற பாலம். அவிழ்ப்பதற்கும் முறை உண்டு. தீச்சட்டி சந்நிதிக்குள் போய்ச் சேர வேண்டும். அருள் வந்தவர் வாயால் உத்தரவு வர வேண்டும். அதன்பிறகே பூசாரி முடிச்சில் கை வைப்பார். கமிட்டி தீச்சட்டியையும் அருளையும் நிறுத்தியது. காப்பை எப்படி அவிழ்ப்பது என்று பூசாரி கேட்டதற்கு, “அத அவுக்கிறப்ப பாத்துக்கலாம் சாமி” என்று தலைவர் சொன்னாராம்.

திருவிழாக் காலையில் அம்மா, அப்பா இருவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்தருகே இருந்த பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். ஊர்வலம் அங்கிருந்துதான் புறப்படும். பால்குடங்கள் வரிசையாக இருந்தன. அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் பூசாரி காப்புக் கட்டி முடித்தார். கூடாரம், ஒலிபெருக்கி, ஒய்பிக்கு மெத்தை வைத்த நாற்காலி. அவர் வரத் தாமதமானது. வெயில் ஏறியது. பால் கெட்டுவிடுமோ என்று பெண்கள் குடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஒருவழியாக வந்தார். புத்தம் புதிய பட்டு வேட்டி, பளபளக்கும் செருப்பு. கூடவே ஒரு புகைப்படக்காரர். பேச்சு மண்டபத்தில் பேசியதேதான், ஆனால் கோயில் வாசலுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் சுருதி குறைத்து. மூடப்பழக்கங்களை விட்ட இந்தக் கோயில் கமிட்டி மற்ற கோயில்களுக்கு முன்மாதிரி என்றார். தலைவர் கைகூப்பினார். அம்மா பால்குடத்தருகே தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இந்த முறை நான் தட்டவில்லை. தட்டாமல் இருப்பதும் ஒரு வேலையாக இருந்தது.

மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்தது. புகைப்படக்காரருக்குத் திருப்தி இல்லை.

“பாஸ், மாலை எல்லா ஃபங்ஷன்லயும் போடறதுதான். அந்த மஞ்சக் கயிறு கட்டற மாதிரி ஒண்ணு எடுத்தா ஃபேஸ்புக்ல நல்லா போகும்.”

பூசாரி தட்டோடு நின்றிருந்தார். “ஒய்பி, இது பொன்னாடை இல்லீங்க. காப்பு.”

“கட்டுங்க சாமி, கட்டுங்க” என்றார் தலைவர். “நேரமாச்சு.”

“கட்டிரட்டுமா?” என்று பூசாரி ஒய்பியைப் பார்த்து இன்னொரு முறை கேட்டார்.

ஒய்பி சிரித்தபடி கையை நீட்டினார். புகைப்படக்காரர் பக்கவாட்டில் ஒன்று, முன்னால் ஒன்று, கையை மட்டும் நெருக்கமாக ஒன்று எடுத்தார். எல்லாரும் கும்பிட்டோம். ஒய்பியும் கும்பிட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஏதோ மதிய விருந்து என்று காதில் விழுந்தது.

பூ கட்டும் அக்கா ஒருவர் வழியில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கி, “என்ன ஒய்பி, காப்பக் கட்டிட்டு எங்க போறீங்க?” என்றார். ஏதோ கடைக்குப் போகிறவரைக் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார்.

ஒய்பி நின்றார். மணிக்கட்டைப் பார்த்தார். மறு கை தானாகவே முடிச்சுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். மேடையில் இல்லாத முகம். எங்கள் வீடு மாதிரி ஒரு வீட்டில், என் அம்மா மாதிரி ஒரு அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவரின் முகம்.

“அவுத்துடலாம்தானே?” என்றார் தலைவரைப் பார்த்து.

பதில் காரோட்டியிடமிருந்து வந்தது. “அவுத்துட்டு வந்தீங்கன்னா நான் கார் எடுக்க மாட்டேன் ஒய்பி. மன்னிச்சிருங்க. எனக்குப் பிள்ளைக்குட்டி இருக்கு.”

“என்னலா நீ, இந்தக் காலத்துல போயி…”

“அப்ப நீங்களே ஓட்டுங்க.” சாவியை நீட்டினார். ஒய்பி சாவியை வாங்கவில்லை.

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள். தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பூசாரியிடம் ஓடினார்.

“சாமி, கட்டுனது நீங்கதானே. அவுத்து விட்டுருங்க.”

“கட்டறது என் கை. அவுக்கறது என் கையில இல்லீங்க தலைவரே. சட்டி உள்ள போகணும், ஆத்தா உத்தரவு குடுக்கணும்.”

“அதான் இந்த வருஷம் சட்டி இல்லையே!”

“அதத்தான் அன்னைக்கே கேட்டேன். அவுக்கிறப்ப பாத்துக்கலாம்னீங்க. இப்ப பாருங்க.”

பூசாரி இதை முன்பே யோசித்து வைத்திருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒய்பி மெதுவாக, கிட்டே இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில், “யாராவது எடுக்கறவங்க இருந்தா எடுக்கச் சொல்லுங்களேன்” என்றார்.

தலைவர் என்னிடம் வந்தார். தோளில் கை வைத்தார். “தம்பி, அம்மாகிட்ட நீதான்…”

“நீங்களே கேளுங்க அங்கிள்” என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. முதல் முறை தூது போய்ச் சொன்னது இன்னும் வாயில் கசந்துகொண்டிருந்தது.

அவர் போய் அம்மா முன்னால் நின்றார். வேன் ஓட்டிக் காய்த்துப்போன கையைப் பிசைந்துகொண்டே, “அக்கா, தீச்சட்டி எடுக்கிறீங்களா?” என்று கேட்டார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் பயந்தது போல ஒன்றும் சொல்லவில்லை. குத்திக்காட்டவில்லை. “சட்டி வீட்டுல இருக்கே” என்றார், கவலையாக.

“வீட்டுல இல்ல” என்றார் அப்பா. “கார் பின்னாடி, பூட்டுல இருக்கு.”

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா என் கண்ணைத் தவிர்த்துவிட்டு, காலைச் சாய்த்துச் சாய்த்துக் காருக்குப் போனார். புது மண்சட்டி, வேப்பிலைக் கட்டு, தேங்காய்ச் சிரட்டை, சூடம், எல்லாம் என் மழைக்கோட்டுக்கு அடியில் இருந்தன. நான்தான் அவற்றையெல்லாம் சுமந்து வந்திருக்கிறேன்.

“எதுக்கும் இருக்கட்டும்னுதான் வச்சேன்” என்றார் அப்பா. “என் காலு, நான்தானே பாத்துக்கணும்.”

உடுக்கை ஒலித்தது. சட்டியில் நெருப்பு எழுந்தது. வேப்பிலையை அடியில் வைத்து அம்மா இரண்டு கைகளாலும் ஏந்தினார். புறப்படுவதற்கு முன் பூசாரி திரும்பி, “காப்புக் கட்டினவங்க செருப்பு போடக் கூடாது” என்றார், பொதுவாக. ஒய்பி குனிந்து செருப்பைக் கழற்றினார். புகைப்படக்காரர் ஓடிவந்து கேமராவைத் தூக்கினார். “அத மூடு” என்றார் ஒய்பி.

தார்ச்சாலை கொதித்தது. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடந்தேன். கொஞ்சம் பின்னால் ஒய்பி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சூடு தாங்காமல் சாலையோரப் புல்லில் கால் வைத்து வைத்து வந்தார். யாரோ ஒரு பெண்மணி அவர் காலிலும் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். “நன்றிம்மா” என்றார். அந்த நன்றியில் மேடைக் குரல் இல்லை. அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சல் அந்த இடத்தில் பாதி குறைந்துவிட்டது.

கோயில் வாசலில் அம்மாவுக்கு அருள் வந்தது. எத்தனையோ வருடங்கள் அந்த நேரத்தில் நான் எங்கேயாவது விலகிப் போயிருக்கிறேன், தண்ணீர் குடிக்க, போன் பேச. இந்த முறை சட்டியை வாங்க ஆள் வேண்டும் என்று பூசாரி சொன்னதால் முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. அம்மாவின் கூந்தல் அவிழ்ந்திருந்தது. கண்கள் யாரையும் பார்க்கவில்லை, எல்லாரையும் பார்த்தன. வேப்பிலையோடு நான் வாங்கிப் பூசாரியிடம் கொடுக்க, சட்டி சந்நிதிக்குள் போனது. ஒய்பியைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவர் மண்டியிட்டார். ஆத்தா இப்போது அவரைக் கிழிகிழி என்று கிழிக்கப் போகிறாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான்.

அம்மா அவர் தலையில் கை வைத்தார். முனகல் போல நீண்ட ஒரு சத்தம் வந்தது. பிறகு, அம்மாவின் குரலும் அல்லாத, வேறு குரலும் அல்லாத ஒரு குரலில், “பசியாறினியா?” என்று கேட்டார்.

ஒய்பி தலையைத் தூக்கவில்லை. “இல்ல தாயே.”

“பசியாறிட்டுப் போ.”

அவ்வளவுதான் உத்தரவு. பூசாரி முடிச்சை அவிழ்த்தார். கயிற்றை ஒய்பி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதைத் தூக்கி எறிவாரோ என்று பார்த்தேன், எறியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் விருந்து என்ன ஆயிற்றோ தெரியாது, அவர் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து சோறும் சாம்பாரும் சாப்பிட்டார். இரண்டாவது முறை ரசம் கேட்டார். காரோட்டி அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காதது போல அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

இதனால் அவர் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. அன்று மாலையே அந்தக் காப்புக் கட்டும் படம் அவர் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்தது. பாரம்பரியத்தைக் காப்போம் என்று கீழே எழுதியிருந்தார்கள். சில வாரங்கள் கழித்து செராஸில் ஒரு கூட்டத்தில் சாமியாடுவதைப் பற்றி மறுபடியும் பேசினாராம். பட்டா இன்னும் வரவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, “அவரு ஒரு நாள் நம்பினாரு, போதும். மிச்ச நாளு அவரு வேலையப் பாக்கணும்ல” என்றார். முன்பு என்றால் எனக்கு ரத்தம் கொதித்திருக்கும். இப்போது சிரிப்புத்தான் வந்தது. அடுத்த வருடம் தீச்சட்டி உண்டா என்று தலைவரை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியாக அது இனி இல்லை.

அன்று பிற்பகல் வீடு திரும்பும்போது அம்மா காரின் பின் இருக்கையில் சாய்ந்திருந்தார். அவர் காப்பும் அவிழ்ந்திருந்தது, மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. முன்பெல்லாம் தீச்சட்டி எடுத்தவர்களின் உள்ளங்கையை நான் ரகசியமாக உற்றுப் பார்ப்பேன். சுடவில்லை என்றால் ஈர வேப்பிலை, மண்ணின் தடிமன் என்று மனதுக்குள் விளக்கம் தேடுவேன். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அம்மாவே கையை முன்னால் நீட்டினார்.

“கொஞ்சம் சுட்டுருச்சுடா. வீட்டுல மருந்து இருக்கா?”

பெருவிரலுக்குக் கீழே சிவந்து ஒரு சின்னக் கொப்புளம். “சாமி எடுத்தா சுடாதுன்னு சொல்லுவாங்களேம்மா?”

“யாரு சொன்னா? நெருப்புதானே, சுடாதா?” என்றார். “சுட்டாலும் கீழ போடலல்ல, அதப் பாரு.”

முன் இருக்கையில் அப்பா தன் காலை நீட்டி, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு பச்சைக்கு மாறியது. வழியில் மருந்துக்கடை ஒன்றில் நிறுத்திக் களிம்பு வாங்கினேன். திரும்பி வந்து பார்த்தால் அம்மா தூங்கியிருந்தார், வாய் லேசாகத் திறந்து. பின் இருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுப்பாமல் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து நானே தடவிவிட்டேன். காரை எடுத்தபோது, குளிக்கப் போகும்போது முணுமுணுக்கும் அந்தப் பாட்டை அம்மா தூக்கத்திலேயே முணுமுணுத்தார்.